மாலைக் கல்லூரியின் காலை வகுப்பு

கடலோரச் சமூகப்பணிக் கல்லூரியின் ஐந்தாண்டு இலக்குகள் தண்ணீர் டிரம்முக்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தன. தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் அண்ணாந்து குடிக்கும்போதே முதல் இலக்கைப் படிப்பார்கள். இரண்டாவதைப் படிப்பதற்குள் தாகம் தீர்ந்துவிடும், போய்விடுவார்கள். மூன்றாவது இலக்கு வரைக்கும் படித்தவர்கள் அந்தக் கல்லூரியிலேயே கொஞ்சம் பேர்தான். அந்த மூன்றாவது, அங்கே பாடம் எடுக்கும் ஹெப்சிபாவுடையது.

'வேலை செய்யும் பட்டதாரிகளுக்கு மாலை நேர முதுகலைச் சமூகப்பணி வகுப்பு.' அவ்வளவுதான் அந்த இலக்கு. அதை அங்கே ஏற்றுவதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. திட்டம் தீட்டிக் கொடுக்க வந்த நிறுவனத்தார் ஆசிரியர்கள் எல்லோரையும் ஒரு ஹோட்டல் அரங்கில் உட்காரவைத்து, ஆளுக்கொரு வண்ணச் சீட்டைக் கொடுத்து, மனதில் பட்டதை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். மற்றவர்கள் வெளிநாட்டுத் தொடர்பு, ஆய்வு மையம், தரவரிசை என்று பெரிது பெரிதாக எழுதி ஒட்டினார்கள். ஹெப்சிபாவின் சீட்டு மட்டும் ஏசி காற்றுக்கு உதிர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவள் அந்தச் சீட்டை உள்ளங்கையால் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு நேரம் முடியும் வரைக்கும் அங்கேயே நின்றாள். பார்க்கப் பாவமாக இருந்ததாலோ என்னவோ அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

கல்மண்டபத்தில் பிறந்து, அங்கேயே ரயில்வேக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள் ஹெப்சிபா. அப்பா மீன்பிடி லாஞ்சு டிரைவராக இருந்தவர். அந்தப் பக்கத்தில் எத்தனை பட்டதாரிகள் என்பது அவளுக்குத் தெரியும். ஐஸ் ஃபேக்டரியில், கண்டெய்னர் யார்டில், மீன் ஏலக்கூடத்தில் என்று எங்கே தடுக்கி விழுந்தாலும் ஒரு பி.ஏ. மேலேயோ ஒரு பி.காம். மேலேயோதான் விழவேண்டும். பட்டம் பீரோவில் இருக்கும், ஆள் துறைமுகத்தில் இருப்பார். ஆனால் ராயபுரத்திலும் எண்ணூரிலும் தொண்டு நிறுவனங்கள் அலுவலகம் திறந்தால், அதில் வேலை பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆள் ரயிலேறி வருவார்கள். இந்த ஊரின் கஷ்டத்தை இந்த ஊர்க்காரர் படித்துவிட்டு வந்து ஏன் பார்க்கக்கூடாது என்பது ஹெப்சிபாவின் தீராத ஆத்திரம்.

பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்தது. ஒரு நிபந்தனையோடு கொடுத்தது. இந்த ஆண்டே வகுப்பு தொடங்கவேண்டும், இல்லையென்றால் அனுமதி காலாவதி. அப்படி ஆகிவிட்டால் மாலையிலும் வாரக் கடைசியிலும் காலியாகக் கிடக்கும் கல்லூரிக் கட்டடத்தை எதற்குக் கொடுக்கலாம் என்று ஆட்சிக் குழுவில் ஜேக்கப் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். துறைமுகத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை, காலியாக இருக்கும் எதையும் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது, அவ்வளவுதான். கம்பெனி அதிகாரிகளுக்கு வாரக் கடைசியில் மனிதவளப் பட்டயப் படிப்பு என்பது அவருடைய திட்டம். அதற்கு ஆள் வரிசையில் நிற்கிறார்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தார். ஹெப்சிபாவின் வகுப்புக்கோ ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை.

அதனால்தான் அவள் அறிமுகக் கூட்டம் என்று ஒன்று வைத்தாள். திங்கட்கிழமை மாலை ஆறு மணி. கடல் பக்கத்து அரங்கில் நாற்காலி போட்டு, மேசையில் சமோசாவை அடுக்கி, கதவருகில் நின்றாள். மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் ஏசிக்காக வந்த பெரியவர். இன்னொருத்தி பி.எட். படிப்பு என்று நினைத்து வந்துவிட்டு, சமோசாவை மட்டும் எடுத்துக்கொண்டு வருத்தத்தோடு விடைபெற்றாள். மூன்றாவதாக வந்தவள் கிறிஸ்டினா. காசிமேட்டு ஏலக்கூடத்தில் எடை போடும் பெண், வரலாற்றில் பி.ஏ. நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு, முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஹெப்சிபா பேச ஆரம்பித்தாள். சமூகப்பணி என்றால் தானம் கொடுப்பது அல்ல என்று சொல்லி முடிக்கவில்லை, கிறிஸ்டினாவின் தலை மெல்லச் சாய்ந்து கைமேல் விழுந்தது. பேச்சு முடிவதற்குள் லேசாகக் குறட்டையும் வந்தது.

வேறு யாராக இருந்தாலும் கோபப்பட்டிருப்பார்கள். ஹெப்சிபாவுக்கும் ஒரு நொடி வந்தது. ஆனால் அந்தத் தூக்கம் அவளுக்குப் பழகிய தூக்கம். வாய் திறந்து, ஒரு கை தொங்கி, உலகமே இடிந்தாலும் எழாத அந்தத் தூக்கத்தை அவள் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். அப்பா சாயங்காலம் இப்படித்தான் தூங்குவார். இப்போது கீழ் வீட்டில் இருக்கும் தம்பி டெரிக், ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவன், இப்படித்தான் தூங்குகிறான். அவன் எழுந்துவிடக்கூடாதென்று ஏழு மணிக்கெல்லாம் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் இத்தனை வருஷம் அவள் சீரியல் பார்க்கிறாள். நள்ளிரவு தாண்டியதும் ஏலத்துக்கு எழுந்து போகிறவர்களுக்கு ஆறு மணி என்பது தூங்குகிற நேரம். துறைமுகத்துக்காரனின் வேலை முடிவது காலை ஒன்பது, ஒன்பதரைக்கு. அவனுடைய சாயங்காலம் காலை பத்து மணிக்கு வருகிறது.

இது தெரியாதவளா அவள்? வீட்டில் தெரிந்திருந்தது. கல்லூரிக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் மறந்துபோய், எல்லாக் கல்லூரிக்காரர்களையும்போல 'மாலை ஆறு மணி' என்று எழுதிக்கொடுத்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தை முந்திக்கொண்டு சந்தோஷம் வந்தது. ஆள் இல்லாமல் இல்லை, ஆள் தூங்குகிறார்கள். தூங்காத நேரத்தில் கூப்பிட்டால் வருவார்கள். அவள் கிறிஸ்டினாவை எழுப்பினாள்.

"பத்து, பத்தரைக்கு க்ளாஸ் வெச்சா வருவியாம்மா?"

கிறிஸ்டினா கண்ணைக் கசக்கிக்கொண்டு, எங்கே இருக்கிறோம் என்று ஒரு சுற்றுப் பார்த்தாள். "காலீலயா மேடம்? சோக்கா வருவேன். நான் மட்டும் இன்னா, எங்க செட்டே வரும்," என்றாள்.

ஹெப்சிபா அரங்கிலிருந்து அலுவலகத்துக்கு ஓடினாள். நடக்கலாம்தான், ஓடினாள். அங்கே ஜெரினா பூட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தாள். வண்ணாரப்பேட்டைக்காரி, அலுவலகக் கண்காணிப்பாளர், எந்த அறையின் சாவியும் அவள் இடுப்பைத் தாண்டித்தான் போகும். காலையில் ஒரு வகுப்பறை வேண்டும் என்றதும் ஜெரினா சிரித்தே விட்டாள். அந்தக் கல்லூரியில் அறைக்கு நடக்கும் சண்டை ஊரறிந்தது. ஆய்வு மாணவர்கள் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுவார்கள். ஒரு தடவை கருத்தரங்கு ஒன்றை சைக்கிள் ஷெட்டில் நடத்தியிருக்கிறார்கள். காலை பத்தரைக்கு அறை என்பது நடக்கிற காரியமா என்று ஜெரினா கேட்டாள்.

ஹெப்சிபாவின் கண் சுவரில் இருந்த கால அட்டவணையில் ஓடியது. திங்கள் நிரம்பி வழிந்தது. செவ்வாயும் புதனும் அப்படியே. வியாழன், வெள்ளி இரண்டு கட்டங்களிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு, நடுவில் ஒரே வார்த்தை: களப்பணி. சமூகப்பணி படிக்கிறவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு கிடையாது. சிலர் புழல் சிறைக்குப் போவார்கள், சிலர் நெட்டுக்குப்பத்து மீனவர்களிடம், சிலர் ஆஸ்பத்திரிகளுக்கு. கூடவே ஆசிரியர்களும் போவார்கள். களப்பணிக்குப் பொறுப்பாளரே ஹெப்சிபாதான். ஆகவே வியாழன் வெள்ளியில் கல்லூரி எப்படி இருக்கும் என்பதை அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. அறை இல்லை அறை இல்லை என்று அடித்துக்கொண்ட அத்தனை பேரும் அந்த இரண்டு நாளும் வெளியே போய்விடுகிறவர்கள். ஊர் ஊராகப் போய் அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கணக்கெடுப்பதே தொழிலாகக் கொண்டவர்கள், சொந்தக் கட்டடத்தைக் கணக்கெடுக்க மறந்துவிட்டார்கள்.

"ஜெரினாக்கா, வியாழக்கிழமை இங்க யாரு இருப்பாங்க?"

ஜெரினா சாவிக்கொத்தைக் கீழே வைத்தாள். அவள் முகமும் மாறிவிட்டது. "நான் கீறேன். வாட்ச்மேன் கீறாரு. அப்பால பூனை கீது," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, வெள்ளிக்கிழமை மட்டும் பன்னிரண்டுக்குள் முடித்துவிட வேண்டும், தொழுகைக்குப் போகிறவர்கள் வருவார்கள் இல்லையா என்றும் சொன்னாள். அதற்குள் அவள் மனதில் வகுப்பே தொடங்கிவிட்டது. களப்பணிக்கு ஆசிரியர்கள் முறைவைத்துப் போனால் பாடம் எடுக்கவும் ஆள் இருக்கும் என்றாள் ஹெப்சிபா. சனிக்கிழமையும் அறை காலிதான் என்பதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லிச் சிரித்தார்கள்.

முதல்வர் அலெக்ஸாண்டரைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நல்ல மனிதர், ஆனால் ஆட்சிக் குழு என்றால் அவருக்குப் பயம். மாலை வகுப்பு என்று அனுமதி வாங்கிவிட்டுக் காலையில் நடத்துவதா, பைத்தியம் என்று சொல்லமாட்டார்களா என்று தவித்தார். ஹெப்சிபா பல்கலைக்கழகத்தின் உத்தரவை அவர் முன்னால் விரித்துவைத்தாள். படிக்கிறவரின் வேலை நேரத்துக்கு வெளியே வகுப்பு இருக்கவேண்டும் என்றுதான் அதில் இருந்தது. மணி எதுவும் போடவில்லை. அலெக்ஸாண்டர் அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வியாழக்கிழமை காலையில ஆட்சிக் குழு கூடுது. ஜேக்கப் சார் அன்னைக்கே இதை மூடிடணும்னு இருக்கார். அதுக்குள்ள என்ன பண்ண முடியும் உங்களால?"

"அன்னைக்கே நேர்காணல் வெச்சுடலாம் சார். அவங்க கண்ணு முன்னாலயே. வந்தா வகுப்பு, வரலைன்னா கட்டடத்தைக் கொடுத்துடுங்க. நான் வாயைத் திறக்கமாட்டேன்."

அவர் தலையாட்டியதும், மனம் மாறுவதற்குள் வெளியே வந்துவிட்டாள்.

நடுவில் இருந்தது இரண்டே நாள். ஹெப்சிபா தரையில் நிற்கவில்லை. ஐஸ் ஃபேக்டரிக்குப் போனாள், கண்டெய்னர் யார்டு வாசலில் இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களைப் பிடித்தாள், பூசை முடிந்ததும் சர்ச் வாசலில் நின்று பேசினாள். ஜெரினா தன் பங்குக்குத் தண்டையார்பேட்டை வரைக்கும் சொந்தக்காரர்களை உசுப்பிவிட்டாள். காசிமேட்டுக்கு மட்டும் ஹெப்சிபா தம்பியை ஏவினாள். டெரிக் சாப்பிட உட்கார்ந்த நேரமாகப் பார்த்துக் கீழே போய், நோட்டீஸ் கட்டை அவன் தட்டுப் பக்கத்தில் வைத்து, உன் தோஸ்துகளுக்கெல்லாம் சொல்லு, ஏலக்கூட மைக்கில் சொல்லச் சொல்லு, டிகிரி முடித்த ஒருத்தரையும் விடாதே என்று படபடவென்று சொன்னாள். அவன் நோட்டீஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சொல்லிட்றேன்க்கா, நீ பேஜாராவாத," என்றான். வேறு என்னவோ கேட்க வாயெடுத்தான். அதற்குள் அவளுக்கு போன் வந்துவிட்டது, பேசிக்கொண்டே மாடியேறிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஜேக்கப் வந்தார். பத்தேகாலுக்கு மற்ற உறுப்பினர்கள் வந்தார்கள். அரங்கில் மேசை போட்டு, பூங்கொத்து வைத்து, எதிரே ஒற்றை நாற்காலி போட்டிருந்தது. பத்தரைக்கு அந்த நாற்காலி காலி. பத்தே முக்காலுக்கும் காலி. அலெக்ஸாண்டர் இரண்டாவது முறை டீ கொண்டுவரச் சொன்னார். ஹெப்சிபா வாசலுக்கு ஓடி, சாலையைப் பார்த்தாள். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர் லாரிகள் வழக்கம்போல வாலாக நின்றன, டிரைவர்கள் சக்கரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். டெரிக்கின் போன் அடித்து அடித்து நின்றது. கிறிஸ்டினாவின் போனும் அப்படியே. நேற்றுக் கடலுக்குப் போன லாஞ்சுகளில் சங்கரா மீன் வாரிக்கொண்டு வந்திருக்கிறதாம், ஏலம் இன்னும் முடியவில்லையாம் என்று வாட்ச்மேன் எங்கேயோ கேட்டுவந்து சொன்னார். ஊருக்கே நல்ல நாள், தனக்கு மட்டும் இப்படியா என்று அவளுக்கு அழுகை முட்டியது.

அவள் உள்ளே திரும்பி வந்தபோது ஜேக்கப் ஃபைலை மூடிக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை, இரக்கமாகத்தான் பேசினார். முயற்சியைப் பாராட்டுகிறேன், ஆனால் ஆசை வேறு, தேவை வேறு, தேவை இருந்தால் ஆள் வந்திருப்பார்கள் என்றார். இன்னும் பத்து நிமிஷம் என்று கேட்க ஹெப்சிபா வாயெடுத்தாள்.

அப்போது வாசலில் ஹாரன் கேட்டது. விடாத ஹாரன். டிரெய்லர்களுக்கு நடுவே எப்படியோ சந்து கண்டுபிடித்துக்கொண்டு, ஐஸ் சொட்டச் சொட்ட ஒரு குட்டியானை வேன் கல்லூரிக்குள் நுழைந்தது. ஓட்டிவந்தது டெரிக். பின்னால் இன்னொன்று. மீன்பெட்டி ஏற்றும் இடத்தில் ஆட்கள் நின்றிருந்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். பிளாஸ்டிக் பையில் சான்றிதழைச் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தார்கள். கிறிஸ்டினா முதலில் குதித்தாள். ரப்பர் பூட்ஸைக்கூட மாற்றவில்லை.

ஜெரினா குழாயடியைக் காட்டினாள். அவர்கள் காலும் கையும் முகமும் கழுவிக்கொண்டு தாழ்வாரத்தில் வரிசையில் நின்றார்கள். யார்டிலிருந்து இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் பைக்கில் வந்து சேர்ந்தார்கள். ஜெரினாவின் சொந்தக்காரப் பெண் நவ்ரீன், இருட்டோடு எழுந்து பேக்கரியில் வேலை பார்த்துவிட்டு வருகிறவள், கையில் மாவோடு வந்தாள். வரிசை தண்ணீர் டிரம்மைத் தாண்டி மாடிப்படி வரைக்கும் போனது. கல்லூரி முழுக்க மீன் வாசனை. ஹெப்சிபாவுக்கு அந்த நேரத்தில் உலகத்திலேயே அதைவிட நல்ல வாசனை கிடையாது. ஜேக்கப் எழுந்து ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து ஃபைலைத் திறந்தார்.

முதலில் வந்த கிறிஸ்டினாவிடம் அவரே கேட்டார். ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறாய், வீட்டுக்குப் போய்த் தூங்காமல் இந்தப் படிப்பு எதற்கு என்றார்.

"எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெ மெதந்தப்போ எங்கள கேக்க நெறைய பேரு வந்தாங்க சார். நல்லவங்கதான். எழுதிகினு போனாங்க. அப்பால வேற ஒரு செட்டு வந்து அதே கேள்விய கேட்டாங்க. நானே அந்த எடத்துல குந்தி எழுதுனா, ரெண்டாவது தபா கேக்க வேணாமே."

ஜேக்கப் பேனாவை எடுத்து எதையோ குறித்தார். அதற்குப் பிறகு அவர் தேவையைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், பேசினார்கள், சிலர் திக்கினார்கள், சிலரை நிறுத்த முடியவில்லை. வெயில் ஏறி, டீ மூன்றாவது தடவை வந்தபோது, ஜேக்கப் பக்கத்திலிருந்தவர்களிடம் குனிந்து பேசிவிட்டு முதல்வரைப் பார்த்தார். வகுப்பு தொடங்கட்டும் என்றார். பட்டயப் படிப்புக்குச் சனி மதியத்துக்கு மேல் அறை கிடைக்குமா என்று ஜெரினாவிடம் கேட்டார். மேசைக்கு அடியில் ஹெப்சிபாவின் இரண்டு கால்களும் தாமாகவே ஆடிக்கொண்டிருந்தன.

"கடைசியா ஒருத்தர் இருக்கார்," என்று அலெக்ஸாண்டர் அழைத்தார்.

உள்ளே வந்தது டெரிக். வேன் ஓட்டிக்கொண்டு வந்தவன் சாவியைக் கொடுக்கவோ, கிளம்பட்டுமா என்று கேட்கவோ வருகிறான் என்று நினைத்து, ஹெப்சிபா இருடா என்று கையைக் காட்டினாள். அவன் போகவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தான். பிளாஸ்டிக் பையிலிருந்து பி.காம். சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தான்.

ஹெப்சிபாவுக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். கூடப் பிறந்தவனை நேர்காணல் செய்யக்கூடாது, வெளியே போகவேண்டும். கதவு வரைக்கும் போய்விட்டாள். அலெக்ஸாண்டர் கேள்வி கேட்பது முதுகுக்குப் பின்னால் கேட்டது. இத்தனை ஆர்வம் இருக்கிறவர், அக்காவும் இதே கல்லூரியில் இருக்கிறார், இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார்.

"யாரும் கேக்கல சார்," என்றான் டெரிக். குறையாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னான். "அக்கா ஊரு முச்சூடும் கேட்டுகினு வந்துச்சு. நான் கீழ் வூட்லதான் கீறேன்."

அவள் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றாள். இந்தப் பக்கத்தில் படித்தவர்கள் எத்தனை பேர் என்று மேடைக்கு மேடை பேசியவள், அந்தக் கணக்கில் இவனைச் சேர்த்ததே இல்லை. மற்றவர்களுக்குச் சேதி சொல்லத்தான் அவன் பயன்பட்டான். அழுகை வந்தது. கூடவே அடக்கமுடியாத சிரிப்பும் வந்தது. ஜெரினா என்ன ஆச்சு என்று பதறிக்கொண்டு வந்தாள். "உள்ள என் தம்பி இண்டர்வியூவுல இருக்கான்," என்று சொல்வதற்குள் ஹெப்சிபாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

டெரிக் வெளியே வந்தபோது பின்னாலேயே அலெக்ஸாண்டரும் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. எல்லோரும் இருக்கிறார்கள், எல்லோரும் முழித்துக்கொண்டும் இருக்கிறார்கள், அறையும் திறந்திருக்கிறது, சேர்க்கை வேலையெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இப்போதே ஒரு வகுப்பு எடுத்துவிடுங்கள் ஹெப்சிபா என்றார். தாழ்வாரத்தில் இருந்த கூட்டம் ஆரவாரத்தோடு அறைக்குள் புகுந்தது. பூட்ஸ்களை வாசலில் கழற்றிப் போட்டார்கள். டெரிக் கடைசி வரிசைக்குப் போனான்.

முதல் வகுப்புக்கு என்று ஹெப்சிபா எத்தனையோ நாளாக ஒரு பேச்சைத் தயார்செய்து வைத்திருந்தாள். அதை எடுக்கவில்லை. ஆசிரியர் நாற்காலியை மேசையைச் சுற்றி இழுத்துக்கொண்டு வந்து, மாணவர்களின் வரிசைக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"டெரிக், நீ சொல்லு. உனக்கு என்ன படிக்கணும், எதுக்குப் படிக்கணும்? எனக்குத் தெரியாது. சொல்லு, கேக்கறேன்."

டெரிக் எழுந்து நின்றான், யாராவது சிரிக்கிறார்களா என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்தான், பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தான்.